வேண்டாத அறைக்கு அனுமதி

தன் விண்ணப்பத்தை எப்படியாவது நிராகரித்துவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு கவுண்டி எனப்படும் மாவட்ட அலுவலகத்தின் படியேறிய முதல் மனிதர் வெண்டல் ஹாஸ்கின்ஸாகத்தான் இருப்பார்.

அவர் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஜூன் மாதம் பள்ளி மூடிய அன்று சாவியை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார். ஐம்பது பிள்ளைகளின் கூச்சலை முதுகில் சுமந்தவருக்கு இனி வேண்டியதெல்லாம் ஒரு ஏரி, ஒரு படகு, வாயைத் திறந்தாலும் பேசாத மீன்கள்.

ஏரிக்குப் போகாத நேரங்களில் வீட்டுக்குச் சேவை செய்தார். மிளகு, பட்டை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கினார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது என்று மனைவி ஜெனீவாவுக்குக் கற்றுக்கொடுத்தார். முப்பத்தாறு வருஷமாக அவள் தப்பாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாவம், எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஜெனீவா தோட்டத்துக்குப் போனால் தக்காளிக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று சொல்ல அவரும் பின்னாலேயே போனார். அவள் தொலைபேசியில் பேசினால், அவள் மறந்துபோன விவரங்களைப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தார்.

ஓய்வு பெற்று மூன்று வாரம் இருக்கும். மதியச் சாப்பாட்டில் ஜெனீவா உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"வெண்டல், வீட்டை ஒட்டி ஒரு அறை கட்டணும்."

"எதுக்கு?"

"என் அக்கா ஓப்பலுக்கு."

வெண்டலின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. ஓப்பல் அரிசோனாவில் இருந்தாள். அவள் அங்கே இருக்கும்வரை அரிசோனாவைப் பற்றி வெண்டலுக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் விருந்துக்கு வந்தவளை ஒருநாள் படகில் ஏற்றிக்கொண்டு போனார். தன் பித்தப்பையை எடுத்த கதையை அவள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். பதினொரு மணிக்குக் கதையில் அப்போதுதான் மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அன்று ஏரியில் ஒரு மீன்கூடத் தலைகாட்டவில்லை.

"எத்தன நாளைக்கு வர்றா?"

"கட்டற அறை எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ஒழுங்கா கட்டினா அம்பது வருஷம்."

"அவ்வளவு நாளைக்குத்தான்."

உலக நாடுகளெல்லாம் ஜெனீவாவுக்குப் போய் ஒப்பந்தம் போடுவதாகச் செய்தியில் சொல்வார்கள். வெண்டல் வீட்டு ஜெனீவாவோடு யாரும் ஒப்பந்தம் போட்டதில்லை. நேராகச் சரணாகதிதான். வெண்டல் அவளிடம் 'முடியாது' என்ற சொல்லை ஒரே ஒருமுறை பயன்படுத்தியிருக்கிறார். அதுவும் 'உன்னை விட்டு என்னால் இருக்க முடியாது' என்று, கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

"சரி" என்றார். அவர் எப்போதும் சொல்வது அதுதான்.

ஆனால் உருளைக்கிழங்கை விழுங்கும்போதே ஒரு மாபெரும் யோசனையும் உள்ளே இறங்கியது. தான் ஏன் முடியாது என்று சொல்ல வேண்டும்? அதைச் சொல்வதற்கென்றே வரி வாங்கிக்கொண்டு ஒரு அலுவலகம் இருக்கிறதே! கட்டிட அனுமதிப் பிரிவு. அந்தக் கவுண்டியில் அங்கே போய் அழாமல் திரும்பியவர்கள் குறைவு.

அழுதவர்களில் முதலிடம் பக்கத்து வீட்டு வர்ஜில் ஆஸ்குட்டுக்கு. அவர் கோழிக்கூண்டுக்கு அனுமதி கேட்டு இரண்டு வருஷம் அலைந்தார். அதற்குள் கோழிகளுக்கு வயதாகிவிட்டது. வெண்டல் வேலியோரம் போய் அவரைப் பிடித்தார்.

"யோவ் வர்ஜில், அந்த அனுமதி விஷயத்துல எனக்கு ஒரு யோசனை சொல்லு."

"அனுமதி வாங்கறதுக்கா? என்னையா கேக்கற?"

"வாங்காம இருக்கறதுக்கு."

வர்ஜில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதுக்கு யோசனை எதுக்குய்யா? உண்மையா முயற்சி பண்ணு, போதும்."

"நிச்சயமா மறுப்பாங்களா?"

"நான் நாப்பத்தி ரெண்டு தடவ போனேன். என் கோழி பேர்லாம் அவங்களுக்கு மனப்பாடம். அப்பவும் குடுக்கல."

வெண்டல் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். வரைபடம் வேண்டுமாம். முந்தின நாள் காலையில் அப்பம் தின்ற கடையில் தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதம் பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். அறைக்கு ஜன்னல் வைக்கவில்லை. கொஞ்சம் யோசித்துக் கதவையும் எடுத்துவிட்டார். காகிதத்தின் ஒரு மூலையில் பாகு ஒட்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

கவுண்டி அலுவலகத்தில் எல்லாம் கவுண்டரில்தான். கவுண்டருக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஷெல்பி வாஸ் என்று பெயர்ப்பலகை சொன்னது. அவள் வரைபடத்தைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றுவிட்டாள்.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்! பதினாலாம் நம்பர் பஸ்!"

வெண்டல் காகிதத்தைத் திரும்ப இழுக்கப் பார்த்தார்.

"நான்தான் ஷெல்பி. பாலத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வீடு. தினம் லேட்டா ஓடி வருவேன். நீங்க மட்டும் எனக்காக ரெண்டு நிமிஷம் நிறுத்தி வைப்பீங்க. பனி கொட்டுற நாள்லகூட."

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லியே."

"எனக்கு இருக்கு. நீங்க நிக்கலன்னா நான் படிச்சிருக்கவே மாட்டேன். இந்த நாற்காலியில உக்காந்திருக்கவும் மாட்டேன்."

அந்த இரண்டு நிமிஷங்களுக்காக வெண்டல் வாழ்க்கையில் முதல்முறையாக வருந்தினார்.

"படம் சுமார்தான், இல்ல? நிராகரிச்சுடு. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று தைரியம் சொன்னார்.

"உங்கள வெறுங்கையோட அனுப்புவேனா?" ஷெல்பி அளவுகோலை எடுத்தாள். மதிய இடைவேளையில் சாண்ட்விச்சைக் கூடத் தொடாமல் புதுப் படம் போட்டாள். கதவு, தீப்பிடித்தால் வெளியே குதிக்கிற அளவுக்கு ஜன்னல், புகை எச்சரிக்கைக் கருவி எல்லாம் வந்தன. வெண்டல் போட்ட படத்தைவிட அறை நான்கு அடி பெரிதாகவும் ஆகியிருந்தது.

வீட்டில் ஜெனீவா கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"ரொம்பக் கஷ்டம் போலருக்கு, ஜெனீவா. செப்டிக் டேங்க் தாங்காதாம். படுக்கையறை ஒண்ணு கூடினா தொட்டி பெருசா இருக்கணுமாம்."

இது பொய்யில்லை. ஷெல்பி கிளம்பும்போது கவலையோடு சொல்லியிருந்தாள். பழைய வீடு, தொட்டி சின்னதாக இருந்தால் சுகாதாரப் பிரிவு தடுத்துவிடும். தொட்டியின் அளவு பதிவேட்டில் இருந்தால் உண்டு. அந்தக் காலத்துப் பதிவேடு கிடைப்பது சந்தேகம். வெண்டல் அன்று மூன்று மீன் பிடித்தார். நாலு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் தூண்டில் போட்டதில்லை.

வியாழக்கிழமை ஷெல்பியே கூப்பிட்டாள். குரலில் தூசி தெரிந்தது.

"மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், கண்டுபிடிச்சுட்டேன்! ரெண்டு நாளா ஆபீஸ் நிலவறையிலதான் இருந்தேன். உங்க வீட்ட முதல்ல கட்டினவருக்கு ஒம்பது பிள்ளைங்களாம். ஆயிரத்து ஐந்நூறு கேலன் தொட்டி போட்டிருக்கார். நீங்க இன்னும் ரெண்டு அறைகூடக் கட்டலாம்!"

"ஒண்ணு போதும்" என்றார் வெண்டல்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்கு."

"சொல்லு, சொல்லு."

"கிணறு ஒரு பக்கம் இருக்கறதால, அறை ஆஸ்குட் வேலிப் பக்கமாத்தான் வரணும். எல்லையிலேர்ந்து பதினஞ்சு அடி பின்வாங்கணும்னு சட்டம். உங்களுக்குப் பன்னண்டுதான் இருக்கு."

வெண்டல் முப்பத்தாறு வருஷமாகப் பின்வாங்கிப் பழகியவர். ஆனால் இந்த மூன்று அடி பின்வாங்க அவருக்கு எள்ளளவும் ஆசையில்லை.

"அப்ப முடியாதா?"

"விதிவிலக்கு கேட்டு விசாரணை வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிச்சாதான் கஷ்டம்."

வெண்டல் தொலைபேசியை வைத்த கையோடு வேலிக்கு ஓடினார்.

"வர்ஜில், ஆட்சேபிக்கணும்."

"எத?"

"என் அறைய. உன் வெளிச்சத்த மறைக்குது, காத்த மறைக்குது, உன் கோழிங்க மனசு உடைஞ்சு போகுதுன்னு சொல்லு."

"கோழிங்க செத்துப்போச்சேய்யா."

"அப்ப காத்து, வெளிச்சத்தோட நிறுத்திக்க."

"ஜெனீவாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. நீ நாப்பத்தி ரெண்டு தடவ வாங்கின அடியத் திருப்பிக் குடுக்க ஒரு சந்தர்ப்பம்னு நினைச்சுக்க. கவுண்டி மூஞ்சிக்கு நேரா 'முடியாது'ன்னு நீ சொல்லப் போற."

வர்ஜிலின் கண்களில் ஒரு ஒளி வந்தது. ஒரு பழைய உறையின் பின்னால் ஆட்சேபணைகளை எழுத ஆரம்பித்தார். பதினோரு ஆட்சேபணைகள். ஏழாவதில் ஒரு பாட்டுவரி மாதிரிகூட வந்தது.

ஜூலை இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு ஊர்க்கூடத்தில் விசாரணை. மடக்கு நாற்காலிகள், ஒரு பெரிய காப்பிப் பாத்திரம், நீள மேசைக்குப் பின்னால் ஐந்து உறுப்பினர்கள். ஷெல்பி தானாகவே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து வெண்டலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வர்ஜில் தலைவாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

ஜெனீவாவும் வந்திருந்தாள். வர்ஜிலுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். மடியில் துணி மூடிய ஒரு தட்டு. அதிலிருந்த சூடான ருபார்ப் பலகாரத்தின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அவள் வர்ஜிலோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று தலைவர் கேட்டார்.

வர்ஜில் எழுந்தார். உறையைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். ஜெனீவா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். வர்ஜில் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, அந்த அறை கண்டிப்பா வரணும். என் பக்கத்துல காத்து ரொம்ப அதிகம். வெளிச்சம் கண்ணைக் கூசுது. ஏதாவது மறைச்சா நல்லது."

ஐந்துக்கு ஐந்து ஓட்டில் விதிவிலக்கு நிறைவேறியது. ஷெல்பி கைதட்டினாள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் வெண்டல் வர்ஜிலின் சட்டையைப் பிடித்தார்.

"பதினோரு ஆட்சேபணை எழுதினியே! எங்க போச்சு?"

"சொல்லத்தான்யா எழுந்தேன். உன் பொண்டாட்டி என்னப் பாத்தா."

"பாத்தா என்ன? அந்தப் பார்வைய நான் தினம் பாக்கறேன்!"

"உனக்குப் பழக்கம் இருக்கு. எனக்கு இதான் முதல் தடவ."

அவர் கையில் ருபார்ப் பலகாரம் இருந்தது. முழுத் தட்டு.

வெண்டலிடம் கடைசியாக ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. மறுநாள் ஷெல்பியிடம் போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எல்லாம் வீணாப் போச்சும்மா. கட்டறதுக்கு உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர் வேணும்னு போட்டிருக்கே. எனக்கு யாரும் கிடைக்கல."

"யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கல. அதான் கிடைக்கல."

ஷெல்பி சிரித்தாள். "உங்களுக்கு எதுக்கு ஒப்பந்தக்காரர்? வீட்டுக்காரரே கட்டலாம். தானே தன் கையால கட்டறேன்னு உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். ஆனா சாட்சிக் கையெழுத்துக்கு முத்திரை அதிகாரி முன்னாடி..."

"அவர் எங்க இருப்பார்? தூரமோ?"

"நான்தான்" என்று ஷெல்பி முத்திரையை எடுத்தாள்.

வரிசையில் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தார். வெண்டல் கையெழுத்துப் போட்டார். ஆரஞ்சு நிற அனுமதி அட்டையை ஷெல்பி இரண்டு கையாலும் பட்டம் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். அந்தக் கவுண்டியின் சரித்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் யாரும் அனுமதி வாங்கியதில்லை என்றாள். அந்தச் செய்தி ஊரில் பரவி, இரண்டு பேர் வெண்டலிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள்.

ஜெனீவா அட்டையைத் தெருவுக்குத் தெரிகிற ஜன்னலில் ஒட்டினாள். "உன்னால முடியும்னு எனக்குத் தெரியும், வெண்டல்" என்றாள். இந்த மாதிரி அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. அதில் ஒரு விநாடி அவருக்கு ஓப்பலே மறந்துபோயிற்று.

சத்தியம் செய்தாகிவிட்டது. ஜூலையின் மிச்ச நாளெல்லாம் வெண்டல் குழி தோண்டினார். குளிர்காலத்தில் தரை உறையும் மட்டத்துக்குக் கீழே, மூன்றரை அடி ஆழத்துக்கு அஸ்திவாரம் போக வேண்டும் என்று விதி. மூன்று அடி நான்கு அங்குலத்தில் நிறுத்திவிட்டுக் கட்டிட ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

ஆய்வாளர் பெயர் ரஸ்க். ஆளும் அப்படித்தான், எந்தக் காப்பியில் தோய்த்தாலும் இளகாதவர். குழிக்குள் அளவுநாடாவை விட்டார்.

"ரெண்டு அங்குலம் குறையுது."

"ரெண்டு அங்குலம்தானே, சார்?"

"பனிக்கு அது தெரியாது."

ஆகஸ்டில் சுவர்களுக்கான மரச்சட்டம் எழுந்தது. இதற்குள் வெண்டலுக்கே தெரியாமல் ஒன்று நடந்தது. அவருக்கு வேலை பிடித்துவிட்டது. முதலில் ஆணியை விரலில் அடித்தார். பிறகு மரத்தில் அடித்தார். மூன்றாவது வாரம் நேராகவே அடித்தார். காலையில் ஆறு மணிக்கு எழுந்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நிற்பதைக் கண்டு தனக்குள் சிரித்துக்கொண்டார். படகு கவிழ்த்துப் போட்டபடி கிடந்தது. அதன்மேல் பலகைகளை அடுக்கினார். வர்ஜில் குற்ற உணர்ச்சியில் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். சமையலறைப் பக்கம் வெண்டல் எட்டிப் பார்க்கவே நேரமில்லை. ஜெனீவா வேலையிடத்துக்கு எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய் வானொலியில் பாட்டு வைத்துக்கொண்டாள்.

சுவருக்குள் குளிர் தடுக்கிற பஞ்சு அடைக்கும்போது மட்டும் வந்து நின்று சொன்னாள். "ரெண்டு மடங்கு வை. உள்ளேயும் வெளியேயும் சத்தம் போகக்கூடாது."

"ஓப்பலுக்குச் சத்தம் ஆகாதா? சத்தமே ஓப்பல்தானே?"

"வை, வெண்டல்."

வெண்டல் மூன்று மடங்காக வைத்தார். ஓப்பலின் பித்தப்பையும் அவர் காதும் இனி சந்திக்கக் கூடாது. கதவையும் நல்ல கனமான ஓக் மரத்தில் தேர்ந்தெடுத்தார்.

அக்டோபர் முதல் வாரம் ரஸ்க் கடைசி ஆய்வுக்கு வந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். புகைக் கருவியை அலறவிட்டார். கதவைச் சாத்தி, உள்ளே நின்று ஏதோ சொன்னார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, "நல்ல வேலை" என்று அட்டையில் கையெழுத்துப் போட்டார். ரஸ்க் ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அவர் வண்டி போனதும் வெண்டல் அறை நடுவில் நின்றார். மாலை வெயில் புதுத் தரையில் விழுந்திருந்தது. ஒரு அறையைத் தன் கையால் கட்டியிருக்கிறார். அந்த நிமிஷத்தில் ஓப்பலைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது.

ஜெனீவா ஒரு சாய்வு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் போட்டாள். தையல் கூடையைப் பக்கத்தில் வைத்தாள். வானொலியை வைத்தாள்.

"ஓப்பல் என்னிக்கு வர்றா? விமான நிலையத்துக்கு நானே போறேன்" என்றார் வெண்டல் பெருந்தன்மையாக.

"ஓப்பலா? அவ எதுக்கு வர்றா? அவளுக்குக் குளிரே ஆகாது. அரிசோனாவ விட்டு அசைய மாட்டா."

"அவளுக்குத்தானே இந்த அறை?"

"இப்படி ஒரு அறை இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

வெண்டல் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் நன்றாகத் தாங்கியது.

"பொய்யா சொன்ன? ஜெனீவா! எனக்கு ஒரு அறை கட்டித் தான்னு நேரா கேட்டிருக்கலாமே! நான் மாட்டேன்னா சொல்வேன்?"

"சொல்ல மாட்ட. சரின்னு சொல்வ. பின்பக்கத் தாழ்வாரம் கேட்டேன், சரின்ன. பதினெட்டு வருஷமாச்சு. சமையலறைக்கு அலமாரி கேட்டேன், சரின்ன. ஒழுகற கூரைக்கும் சரின்ன. நீ சரின்னு சொன்ன எதுவும் இந்த வீட்டுல நடந்ததே இல்ல. நீ வேண்டாம்னு நினைச்சாத்தான் தினமும் குளிச்சு, சட்டை மாட்டிக்கிட்டு, கவுண்டி ஆபீசுக்குக் கிளம்பற."

வெண்டல் வாயைத் திறந்தார். மீன் மாதிரி மூடிக்கொண்டார்.

"வர்ஜில்?"

"விசாரணைக்கு முந்தின நாளே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். அவனால தூங்க முடியலயாம்."

"அப்ப ஷெல்பி..."

"பாவம், அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே உன்மேல பாசம். அவள இழுக்காத."

ஜெனீவா நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, ஜன்னல் வழியாக மேப்பிள் மரங்களைப் பார்த்தாள். வெண்டலுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை.

"உனக்கு எதுக்குத் தனி அறை, ஜெனீவா? பகல் முழுக்க இவ்வளவு பெரிய வீடு உனக்கு மட்டும்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு, வெண்டல்" என்றாள் அவள், எழுந்து வந்து அவரை வெளியே நகர்த்தி, ஓக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டே. "நீ ரிட்டயர் ஆகற வரைக்கும்."